வளைவுக்கு விட்ட தண்ணீர்

அந்த ஊரில் மின்நிலையம் வேண்டும் என்று முதல் கையெழுத்துப் போட்டவள் லாண்டரி அக்காதான். யாரும் அவளை வற்புறுத்தவில்லை. பேனா எழுதவில்லை என்று இரண்டு தடவை உதறிவிட்டுப் போட்டாள்.

ஆறு ஊருக்குள் நுழைந்ததும் குதிரை லாடம் மாதிரி ஒரு பெரிய வளைவு வளைந்து போகும். அந்த வளைவின் நடுவில், கரையை ஒட்டி அவளுடைய சலவைக்கூடம் இருந்தது. நகரத்து ஆஸ்பத்திரியின் படுக்கை விரிப்புகள், லாட்ஜுகளின் தலையணை உறைகள், ஓட்டல் மேஜைத் துணிகள் எல்லாம் அங்கேதான் வெளுத்தன. புருஷன் வேறு ஊருக்கு வேலைக்குப் போகிறேன் என்று போய் அங்கேயே வேறு குடும்பமும் வைத்துக்கொண்ட பிறகு, அவள் தனியாளாக நின்று வளர்த்த தொழில் அது. துணி துவைக்கிற மிஷின்கள், ஒரு பாய்லர், தேய்க்கிற மேஜைகள், சம்பளத்துக்கு இரண்டு பெண்கள். மூலையில் ஆள் உயர டிரையர் ஒன்று. அதற்கு ‘யானை’ என்று பெயர்.

யானைக்குத் தீனி போடுவதுதான் பாடு. கரண்ட் எங்கேயோ தூரத்திலிருந்து ஒற்றைக் கம்பியில் வந்து இந்த ஊரோடு முடிந்துபோகும். வால்பக்கம் வந்து சேரும்போது அதில் உயிர் இருக்காது. மதியத் தூக்கத்திலிருந்து எழுந்தவன் போல யானை ஒரு சுற்று சுற்றும், பிறகு நின்றுவிடும். வெயில் காலத்தில் கொடியில் போட்டுச் சமாளித்துவிடலாம். மழைக்காலத்தில் வீட்டுக்குள்ளேயே கயிறு கட்டி விரிப்புகளைத் தொங்கவிட்டு, அவற்றுக்கு நடுவே குனிந்து குனிந்துதான் நடக்க வேண்டும். அப்படிக் காய்ந்ததை ஆஸ்பத்திரிக்காரர்கள் முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்புவார்கள்.

அவளுடைய தம்பி எலக்ட்ரீஷியன். ஒரு கல்யாண மண்டபத்தில் சரியாகச் சாப்பாட்டு நேரத்தில் மொத்த விளக்கையும் அணைத்துவிட்ட நாளிலிருந்து ஊர் அவனை ‘ஃபியூஸ்’ என்றுதான் கூப்பிட்டது. நல்லவன், வேலையும் நன்றாகத் தெரியும். ஆனால் யார் எதைச் சொன்னாலும் சரி என்று தலையாட்டிவிடுவான்.

மின்நிலையத்துக்கான கூட்டம் பள்ளிக்கூட ஹாலில் நடந்தது. கூட்டுறவுச் சங்கத் தலைவர் தலைமை. ஓர் இளம் பெண் பொறியாளர் சுவரில் படம் மாட்டி விளக்கினாள்.

“இது பெரிய அணை இல்லீங்க. யார் வீடும் முழுகாது. வளைவு ஆரம்பிக்கிற இடத்துல இடுப்பளவு தடுப்பணை. அங்கேருந்து தண்ணி குழாய் வழியா குறுக்கே இறங்கி டர்பைனைச் சுத்தும். சுத்திட்டு வளைவு முடியுற இடத்துல திரும்ப ஆத்துலயே விழுந்துடும். புகை இல்ல, சாம்பல் இல்ல, ஒரு சொட்டு தண்ணி குறையாது.”

பின்வரிசையில் ஒருவன் எழுந்தான். விலாங்கு. சலவைக்கூடத்துக்கு அடுத்த வீட்டுக்காரன், ஆற்றில் விலாங்கு மீன் பிடித்து விற்பவன். அதனால் அந்தப் பெயர். நாற்பதைத் தாண்டியவன், தனிக்கட்டை.

“குறையாதுன்னு சொல்றீங்க. வளைவு ஆரம்பத்துல எடுக்கறீங்க, முடிவுல விடறீங்க. நடுவுல இருக்கற எங்களுக்கு?”

“உங்களுக்குன்னே தடுப்பணையில தனியா ஒரு சின்ன மதகு வைக்கறோம். வளைவுக்கான தண்ணி அது வழியா எப்பவும் ஓடும். அதை எக்காரணம் கொண்டும் மூடக்கூடாது, விதியே இருக்கு” என்றாள் பொறியாளர். அவள் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே அப்படித்தான் நம்பினாள்.

விலாங்கு கையெழுத்துப் போடாமல் வீட்டுக்குப் போய்விட்டான். மறுநாள் சாயங்காலம் அக்காவே பேச்சை எடுத்தாள். தினமும் அந்த நேரத்துக்கு இருவரும் ஆற்றங்கரைப் படியில் உட்கார்ந்து டீ குடிப்பது வழக்கம். அவன் மேல்படியில், அவள் கீழ்படியில். நடுவில் ஓர் ஆள் உட்காரலாம். தெரு அதைப் பற்றி நிறையப் பேசியது. அவர்கள் இருவரும் அதைப் பற்றி ஒரு தடவைகூடப் பேசிக்கொண்டதில்லை.

“எல்லாரும் போட்டாச்சு. நீங்க ஒருத்தர்தான் பாக்கி” என்றாள்.

“மனசு ஒப்பலைங்க.”

“கரண்ட் வந்தா யானை ஓடும். இன்னும் நாலு லாட்ஜ் பிடிப்பேன். தம்பிக்கும் அங்க வேலை தர்றதா தலைவர் சொல்லியிருக்கார். நல்லது வரும்போது கதவைச் சாத்தலாமா?”

அவன் டம்ளரைச் சுற்றிக்கொண்டே இருந்தான். “நீங்க சொல்றதால போடறேன்” என்றான் கடைசியில். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. கரண்ட் வரப்போகிறது என்பதற்காக மட்டுமல்ல.

மின்நிலையம் எழும்பியது. தூரத்திலிருந்து வந்த பழைய கம்பியைக் கழற்றிவிட்டார்கள். பொறியாளர் தன் வேலையை முடித்துக்கொண்டு வேறு ஆற்றுக்குப் போனாள். ஃபியூஸுக்கு நீலச் சட்டை, தொப்பி, மதகுச் சாவி எல்லாம் கிடைத்தன. தெருவில் ‘ஆப்பரேட்டர் சார்’ என்றார்கள். வீட்டுக்குள் வந்தாலும் அவன் தொப்பியைக் கழற்றவில்லை. யானை நிற்காமல் ஓடியது. அக்கா இன்னும் இரண்டு லாட்ஜ்களைப் பிடித்தாள். சூடான விரிப்பை எடுத்து முகத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, “தம்பி அனுப்பின சூடு” என்று வேலைக்காரப் பெண்களிடம் சொல்லிச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு மழை வரைக்கும்தான்.

மழை வந்ததும் ஆறு காட்டில் கிடந்ததையெல்லாம் வாரிக்கொண்டு வந்தது. இலை, சுள்ளி, கிழிந்த பிளாஸ்டிக் சாக்கு. குழாய் வாயில் இருந்த நெருக்கமான கம்பி வலையில் எல்லாம் ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் உள்ளே போகாது, டர்பைன் நிற்கும். ஃபியூஸ் மழைக்கோட்டோடு நின்று நீளமான வாரியால் வாரிப்போடுவான். இந்தப் பக்கம் வாரினால் அந்தப் பக்கம் மூடும். துணி காயாத காலத்தில்தான் டிரையர் வேண்டும். அந்தக் காலத்தில்தான் கரண்டும் இல்லை. யானை மறுபடியும் மூலையில் நின்றது.

“ஆனையை வாங்கியாச்சு, அங்குசம் வாங்கத்தான் வக்கில்லையா?” என்று அக்கா தம்பியிடம் கத்தினாள். தெருவே கத்தியது. தலைவர் வந்து பார்த்தார். “இவ்வளவு நெருக்கமா கம்பி எதுக்கு? ஒண்ணு விட்டு ஒண்ணு அறுத்து எடுத்துடு” என்றார். ஃபியூஸ் சரி என்று தலையாட்டினான். அறுத்தான். இலைகள் உள்ளே போய் வெளியே வந்தன. கரண்ட் நிற்காமல் வந்தது. நின்றது ஊரின் குறைகள்தான். எல்லோரும் அவனைப் பாராட்டினார்கள்.

விலாங்கு மீன்கள் ஆற்றில் வருடக்கணக்காக வளரும். முட்டையிடுவதற்கு மட்டும் கடலுக்குப் போகும். புது வெள்ளம் வரும்போது கூட்டம் கூட்டமாகக் கீழே இறங்கும். அகலமாகிவிட்ட கம்பி இடுக்கில் இலைகள் நுழைந்தது போல அவையும் நுழைந்தன.

ஒரு காலை, விலாங்கு சலவைக்கூடத்துக்குள் வந்தான். இத்தனை வருடத்தில் அவன் படியைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. அக்கா தேய்த்துக்கொண்டிருந்தாள். கையிலிருந்த கூடையைத் தரையில் வைத்தான். உள்ளே விலாங்குகள். ஒன்றுகூட முழுசாக இல்லை. கை நீளமுள்ளவை இரண்டாகவும் மூன்றாகவும் அறுபட்டிருந்தன. ஒரு துண்டு இன்னும் நெளிந்துகொண்டிருந்தது.

“பவர் ஹவுஸுக்குக் கீழ பொறுக்கினேன். கரையெல்லாம் இதான் கிடக்கு. எல்லாம் சினை மீன்” என்றான்.

அக்கா தேய்ப்புப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். பயத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னாள்: “அட, உங்களுக்கு அறுக்கற வேலை மிச்சம்.”

வேலைக்காரப் பெண் ஒருத்தி சிரித்துவிட்டாள். விலாங்கு சிரிக்கவில்லை. குனிந்து கூடையை எடுத்துக்கொண்டு போனான். அன்று சாயங்காலம் படிக்கு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அவள் இரண்டு டம்ளரில் டீ ஊற்றி வைத்துப் பார்த்தாள். ஈ விழுந்ததுதான் மிச்சம். கொட்டினது நெல்லாக இருந்தால் அள்ளலாம், சொல்லை என்ன செய்வது?

மழை முடிந்து வெயில் ஏறியது. ஆறு மெலிந்தது. குழாய்க்கும் வளைவுக்கும் சேர்த்துப் போதுமான தண்ணீர் இல்லை. வோல்டேஜ் இறங்கியது. பாய்லர் மோட்டார் முனகியது. புதிதாகப் பிடித்த லாட்ஜ்காரர்கள் துணி இன்னும் வரவில்லை என்று ஆள்மேல் ஆள் அனுப்பினார்கள்.

ஒரு மதியம் தம்பிக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது அக்கா கேட்டாள்: “அந்த வளைவு மதகைக் கொஞ்சம் திருகினா என்னடா?”

“அதை மூடக்கூடாதுக்கா. விதி.”

“மூடவா சொன்னேன்? கொஞ்சம் திருகு. விதி வந்து உங்க அக்காவுக்குச் சோறு போடுமா?”

அவன் சக்கரத்தைக் கொஞ்சம் திருகினான். யானை ஓடியது. அடுத்த வாரம் ஐஸ் கடைக்காரர் வந்தார். “உங்கக்காவுக்குன்னா திருகுவே, எங்களுக்கு மாட்டியா?” என்றார். இன்னும் கொஞ்சம் திருகினான். பிறகு தலைவர் வந்தார். கோடை நடுவில் மதகு முழுக்க மூடியிருந்தது.

வளைவில் ஆறு ஓடவில்லை. பாறை இடுக்குகளில் குட்டை குட்டையாக நின்றது. துவைப்பது கிணற்றுத் தண்ணீரில் என்றாலும், சலவைக்கூடத்தின் சோப்புத் தண்ணீர் காலங்காலமாக அந்த ஆற்றில்தான் கலந்தது. ஓடுகிற தண்ணீர் அதை இழுத்துக்கொண்டு போய்விடும், யாருக்கும் தெரியாது. இப்போது அது போக வழியில்லாமல் படிக்குக் கீழேயே நின்றது. முதலில் நுரை. அப்புறம் சாம்பல் நிறத்தில் ஓர் ஏடு. அப்புறம் நாற்றம். குட்டையில் மாட்டிக்கொண்ட மீன்கள் வயிற்றை மேலே காட்டின. தெருவில் ஜன்னல்களைச் சாத்தினார்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு அக்காவிடம் வந்து சண்டை போட்டார்கள். அவர்கள் வீட்டு மின்விசிறிகளெல்லாம் அந்த ஆற்றுத் தண்ணீரில்தான் சுற்றிக்கொண்டிருந்தன.

யாரோ புகார் எழுதிப் போட்டார்கள். ஓர் அதிகாரி வந்தார். மரியாதையான மனிதர். காலணியில் சேறு படாமல் கல்லுக்குக் கல் தாண்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

“ஆத்தை அசுத்தப்படுத்தறீங்கம்மா.”

“எத்தனையோ வருஷமா இதே தண்ணிதாங்க விடறேன். இதே சோப்புதான். ஆத்துல தண்ணி ஓடலை, அதான் நிக்குது. மதகை மூடிட்டாங்க. அதைப் போய்ப் பாருங்க.”

“மதகு எங்க துறை இல்லம்மா. நாங்க கழிவு மட்டும்தான் பாக்கறோம்.” கொஞ்சம் யோசித்து, ஆறுதல் சொல்வது போலச் சேர்த்தார்: “ஆத்துல தண்ணி இருந்திருந்தா நான் வந்திருக்கவே மாட்டேன்.”

போகும்போது சலவைக்கூடத்தின் கதவில் ஓர் ஆணையை ஒட்டிவிட்டுப் போனார். கழிவைச் சுத்திகரிக்க ஏற்பாடு செய்யும்வரை மிஷின்களை ஓட்டக்கூடாது. வளைவின் அந்தப் பக்கம் சங்கம் பெரிய பலகை வைத்திருந்தது: மாசில்லா மின்சாரம், நம் ஊரின் பெருமை. அக்கா வாசலில் நின்று இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதற்கு இத்தனை பெரிய பலகையும் வைப்பார்கள் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

நனைத்து வைத்த விரிப்புகள் மிஷினிலேயே கிடந்தன. அவள் செருப்பைக்கூடப் போடாமல் தடுப்பணைக்கு நடந்தாள். நல்ல உச்சி வெயில். ஃபியூஸ் நிழலில் உட்கார்ந்து மோட்டார் பெல்ட்டுக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தான். அவனிடம் எதுவும் கேட்கவில்லை. நேராக மதகுச் சக்கரத்தைப் பிடித்தாள். இறுகியிருந்தது. உடம்பு முழுவதையும் சாய்த்துத் தள்ளினாள்.

“அக்கா! என்ன பண்றே? வேலை போயிடும்க்கா!”

“போகட்டும். எனக்குப் போகலை?”

“நானா மூடினேன்? நீதானே திருகச் சொன்னே!”

“கொஞ்சம்னுதானேடா சொன்னேன்.”

“எல்லாரும் கொஞ்சம்னுதான்க்கா சொன்னாங்க” என்றான் அவன். குரல் உடைந்திருந்தது. “ஆளுக்குக் கொஞ்சம். நான் யாருக்கு மாட்டேன்னு சொல்லட்டும்?”

அவள் மறுபடியும் தள்ளினாள். சக்கரம் அசைந்தது. தண்ணீர் முதலில் கசிந்தது, பிறகு பாய்ந்தது. காய்ந்த பாறைகள் மேல் கருப்பாகப் பரவி இறங்கியது. அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். முதல் குட்டை நிரம்பி அடுத்ததற்கு வழிந்தது. கீழே பவர் ஹவுஸில் டர்பைன் இரைச்சல் மெதுவாக இறங்கி நின்றது.

ஊர் வந்து சேர அதிக நேரம் ஆகவில்லை. ஐஸ் கடைக்காரர் வாய்க்கு வந்தபடியெல்லாம் திட்டினார். நாற்றம் தாங்கவில்லை என்று நேற்று சண்டை போட்டவளே இன்று, “எங்க வீட்ல கைக்குழந்தை புழுங்கிச் சாகுது” என்று கூவினாள். அதற்கெல்லாம் அக்கா அசையவில்லை. உரலுக்குள் தலையை விட்டாயிற்று, உலக்கைக்குப் பயந்து என்ன ஆகப்போகிறது?

கடைசியாக ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் ஓடி வந்தாள். அவள் கத்தவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டே அக்காவின் கையைத் தொட்டாள்.

“அக்கா, குழந்தைங்களுக்குப் போடற மருந்தெல்லாம் ஃப்ரிட்ஜ்ல இருக்கு. ஜெனரேட்டர் ரிப்பேர். ஐஸ் எல்லாம் கரைய ஆரம்பிச்சிடுச்சு. எனக்கு உங்க நியாயம் புரியுது. ஆனா நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க.”

அக்கா தண்ணீரைப் பார்த்தாள். அது இன்னும் வளைவு திரும்பவில்லை. சலவைக்கூடத்துக்குப் பாதி தூரம்கூடப் போகவில்லை. பிறகு சக்கரத்தின் மேல் கையை வைத்தாள். ஒருத்தியால் முடியவில்லை. தம்பி வந்து எதிர்ப்பக்கம் பிடித்தான். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் மதகை மூடினார்கள்.

விலாங்கு அந்த மாதமே ஊரை விட்டுப் போனான். அடுத்த மழைக்கு அவன் காத்திருக்கவில்லை. கடலோரத்தில் ஒரு மீன் பதனிடும் தொழிற்சாலையில் பெட்டி தூக்குகிற வேலை. சொல்லிக்கொண்டு போக வந்தான். சலவைக்கூடத்தில் மிஷின் சத்தம் இல்லாததால் அவன் குரல் பெரிதாகக் கேட்டது.

“கிளம்பறேங்க.”

“அன்னிக்கு நான் சொன்னது… மனசுல வெச்சுக்காதீங்க.”

“இல்லைங்க.”

“கையெழுத்துப் போட வெச்சதும் நான்தான்.”

“கரண்டுக்காகவா போட்டேன்?” என்றான். அவளுக்குப் புரிந்தது. இருக்கச் சொல்ல வேண்டும் என்று வாய் வரை வந்தது. எதைக் காட்டி இருக்கச் சொல்வது? பின்னால் நாறிக்கொண்டிருந்த குட்டையையா? அவன் பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான். அதற்குப் பிறகு அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

அக்கா மிஷின்களை ஒவ்வொன்றாக விற்றாள். யானையை எடுக்க ஆள் வரவில்லை. கதவை இடித்துத்தான் வெளியே கொண்டுபோக முடியும் என்று சொல்லிவிட்டார்கள். அப்படியே போட்டுவிட்டு, ஆஸ்பத்திரி இருக்கும் நகரத்துக்குப் போய் அங்கே அவர்களே தொடங்கிய சலவைப் பிரிவில் சம்பளத்துக்குச் சேர்ந்தாள். முன்பு அவள் அனுப்பிய விரிப்புகளை முகர்ந்து திருப்பி அனுப்பிய மேஜைக்குப் பக்கத்திலேயே அவளுக்கு இடம்.

அடுத்த வருட மழையில் மலைப்பக்கம் சரிந்து ஆறு மண்ணாக வந்தது. தடுப்பணைக்குப் பின்னால் இருந்த பள்ளம் விளிம்பு வரை மணலால் மேடாகிப்போனது. குழாய் அடைத்து உடைந்தது. மணல் அரைத்து டர்பைனின் தகடுகள் பல் போனதுபோல ஆகிவிட்டன. சங்கம் சரிசெய்யலாமா வேண்டாமா என்று பேசிக்கொண்டிருக்கும்போதே நகரத்திலிருந்து புதிய பெரிய மின்கம்பி ஊருக்கு வந்துவிட்டது. அதற்கு யாரும் கூட்டம் போடவில்லை, கையெழுத்தும் கேட்கவில்லை. ஒரு நாள் லாரியில் கம்பங்கள் வந்தன, அவ்வளவுதான். பவர் ஹவுஸைப் பூட்டினார்கள்.

அக்கா ஒரு விடுமுறை நாளில் சங்கத் தலைவரைப் போய்ப் பார்த்தாள். “அதான் ஓடலையே. தடுப்பணையை எடுத்துடலாமே. வளைவுக்குத் தண்ணி வரட்டும்.”

தலைவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். “கட்டறதுக்குத்தாம்மா திட்டம் இருந்தது. இடிக்கறதுக்கு யார்கிட்டயும் திட்டம் இல்ல. சங்கத்தையும் கலைச்சாச்சு. நான் இப்ப தலைவரே இல்ல.”

மணல் மேட்டைத் தாண்டி வழிகிற தண்ணீர் இப்போது பழகிய பாதையில் உடைந்த குழாய்ப் பள்ளத்தின் வழியாகவே குறுக்கே இறங்குகிறது. வளைவில் முள்செடி முளைத்திருக்கிறது.

மழை நின்ற ஒரு காலையில் ஃபியூஸ் அக்காவைத் தேடி நகரத்துக்கு வந்தான். நீலச் சட்டை இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டு, கூப்பிடாமல், அவளாகப் பார்க்கட்டும் என்று காத்திருந்தான். அவள் பார்த்தாள். கேன்டீனுக்குக் கூட்டிப்போய்ச் சாப்பாடு வாங்கிக் கொடுத்தாள். அவன் தலையைத் தூக்காமல் சாப்பிட்டான்.

“இங்க பாய்லருக்கு ஆள் வேணும்னு கேள்விப்பட்டேன்க்கா.”

“சொல்லி வெக்கறேன்.”

“என் மேல இன்னும் கோவமாக்கா?”

அவள் அவனுடைய டம்ளரில் தண்ணீர் ஊற்றினாள். “உன் மேல மட்டும்னா எப்பவோ தீர்ந்திருக்கும்” என்றாள்.

அவனுக்கு வேலை கிடைத்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அவன் பாய்லரைப் பார்த்துக்கொள்கிறான், இந்தப் பக்கம் அவள் தேய்க்கிறாள். ஆவி அழுத்தம் போதவில்லை என்றால் அவள் சுவரைத் தட்டுவாள். அவன் கூட்டுவான். வேலை முடிந்ததும் இருவரும் ஒரே வாசல் வழியாக வெளியே வந்து, அவன் ரயில்பாதைப் பக்கமும் அவள் சந்தைப் பக்கமும் போய்விடுவார்கள். ஊர் எப்படி இருக்கிறது என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வதில்லை.